பாதுகாப்பு ஆராய்ச்சி தொப்பூர் கணவாயிலிருந்து தொடங்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

உள்நாட்டுப் பாதுகாப்புக்கென்று தமிழக அரசு ஓர் ஆராய்ச்சிக் கூட்டமைப்பைத் தொடங்க வேண்டும், அதன் ஒரு மையம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குள் அமைய வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன். பல்கலைக்கழகங்கள், அரசுப் பொறியியல் கல்லூரிகள், காவல், தீயணைப்பு, தடய அறிவியல், நீர்வளம், கால்நடை ஆகிய துறைகள், தொழிற்சாலைகள் எல்லாம் சேர்ந்து நடத்துகிற அமைப்பாக அது இருக்கட்டும். ஆனால் அங்கே ஆராய வேண்டிய கேள்விகளைச் சம்பவ இடத்தில் நின்றவர்கள்தான் கொடுக்க வேண்டும். என் கோரிக்கையில் முக்கியமானது இந்தக் கடைசி வரிதான்.

நான் தீயணைப்பு நிலைய அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தின் பெரும்பகுதி இந்த இரண்டு மாவட்டங்களில்தான் கழிந்தது. வைக்கோல் போர் எரிந்தாலும், கிணற்றில் மாடு விழுந்தாலும், வீட்டுக்குள் பாம்பு புகுந்தாலும் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். தாம்பரம் பயிற்சி மையத்தில் சொல்லிக் கொடுத்ததும் மூத்தவர்களிடம் கற்றுக்கொண்டதும் அதற்குப் போதும். போதாமல் போன இடங்களைப் பற்றித்தான் இங்கே சொல்ல வந்தேன்.

ஒரு மழைக்கால இரவு. தருமபுரி–சேலம் நெடுஞ்சாலையில் வருகிற தொப்பூர் கணவாய் இறக்கத்தில் ஒரு டேங்கர் லாரி கவிழ்ந்து கிடப்பதாக அழைப்பு வந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது டேங்கரின் அடியிலிருந்து வெண்புகை எழும்பிக்கொண்டிருந்தது, நெடி தொண்டையைப் பிடித்தது. ஓட்டுநரை ஏற்கெனவே 108 ஆம்புலன்ஸில் கொண்டு போய்விட்டார்கள். கிளீனருக்கு இந்தி மட்டும்தான் தெரியும், அவரும் நடுங்கிக்கொண்டிருந்தார். அபாயகரமான சரக்கை ஏற்றும் வண்டியின் மேல், உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும் பலகை இருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. பெட்ரோல் என்றால் 1203, குளோரின் என்றால் 1017, அமோனியா என்றால் 1005, கந்தக அமிலம் என்றால் 1830 என்று நான்கு இலக்க எண் அதில் எழுதியிருக்கும். அந்த எண்ணும் பக்கத்தில் உள்ள குறியீடும் தெரிந்தால் தண்ணீர் அடிக்கலாமா, நுரை அடிக்க வேண்டுமா, ஊரைக் காலி செய்ய வேண்டுமா என்று முடிவெடுக்கலாம். அந்த வண்டியின் பலகையில் எண் தேய்ந்து, மேலே சேறு அப்பியிருந்தது.

தண்ணீர் பட்டால் கொதித்துத் தெறிக்கிற ரசாயனங்கள் உண்டு. தண்ணீர் அடித்தால்தான் அடங்குகிற வாயுக்களும் உண்டு. எது என்று தெரியாமல் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நிற்கிற தீயணைப்பு வீரனுக்கு அந்த நேரத்தில் யாராவது ஒருவர் பதில் சொல்ல வேண்டும். அன்றைக்குச் சொல்ல ஆள் இல்லை. காற்று வீசுகிற திசையைப் பார்த்து, சாலையை இரு பக்கமும் மறித்து, ஆட்களை மேட்டுப்பக்கம் ஏற்றிவிட்டு, சரக்குக்கு உரியவர்கள் விடிந்து வந்து சேரும் வரை காத்திருந்தோம். யாருக்கும் பெரிய தீங்கு நேரவில்லை. காற்று ஊர்ப்பக்கம் திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

கிருஷ்ணகிரி எப்படிப்பட்ட இடத்தில் இருக்கிறது என்று வெளியூர் வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி போகிற 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும், டெல்லியிலிருந்து பெங்களூரு வழியாகச் சென்னை போகிற 48-ஆம் எண் நெடுஞ்சாலையும் இங்கேதான் பிரிகின்றன. திண்டிவனம் போகிற 77-ஆம் எண் சாலை இங்கிருந்துதான் புறப்படுகிறது. வடக்கிலிருந்து தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் போகிற சரக்கில் பெரும்பங்கு எங்கள் ஊர்களைத் தொட்டுக்கொண்டு போகிறது. அதில் ஒரு நாளைக்கு எத்தனை டேங்கர், எந்தெந்த ரசாயனம், எந்த நேரத்தில் என்ற கணக்கு என் பணிக்காலத்தில் எங்கள் நிலையத்துக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. தொப்பூரில் உயர்மட்டச் சாலை அறிவித்திருக்கிறார்கள், நல்லது. ஆனால் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குகிற லாரி ஒரு பிரச்சினை, அந்த லாரி போய் மோதுகிற டேங்கருக்குள் என்ன இருக்கிறது என்பது இன்னொரு பிரச்சினை. முதலாவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இரண்டாவதை ஆராய ஆள் வேண்டும்.

உள்நாட்டுப் பாதுகாப்பு என்றதும் துப்பாக்கியும் கேமராவும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. இந்தப் பெயரில் ஒரு துறையையே உருவாக்கிய நாடு அமெரிக்கா. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, 2002 நவம்பரில் சட்டம் போட்டு, 22 அரசு அமைப்புகளை ஒன்றாக்கினார்கள். அந்தச் சட்டத்திலேயே பல்கலைக்கழகங்களில் ஆய்வு மையங்கள் அமைக்கவும் வழி செய்தார்கள். முதல் மையம் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தது. தாக்குதல் எங்கே நடக்கலாம், நடந்தால் பொருளாதாரத்துக்கு எவ்வளவு இழப்பு என்று கணக்கிடுவது அதன் வேலை. அடுத்த மையங்கள் எதற்குத் தெரியுமா? டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் வெளியிலிருந்து நுழையக்கூடிய கால்நடை நோய்களுக்காக ஒன்று. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் உணவுப் பொருள் கெடாமல், அதில் யாரும் நஞ்சு கலக்காமல் காப்பதற்காக ஒன்று. அதற்கப்புறம்தான், 2005-இல், மனிதர்கள் ஏன் பயங்கரவாதத்துக்குப் போகிறார்கள் என்று படிக்க மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஒரு மையம் வந்தது. மாடும் பாலும் ஒரு வல்லரசின் பாதுகாப்புப் பட்டியலில் அவ்வளவு முன்னால் இருந்தன.

குந்தாரப்பள்ளிச் சந்தைக்கும் போச்சம்பள்ளிச் சந்தைக்கும் வருகிற மாடு, ஆடுகளைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். மூன்று மாநிலங்கள் சேருகிற மூலையில் இருக்கிறோம். கோமாரி நோய் ஒரு பக்கம் தொடங்கினால் மறு பக்கம் போகச் சந்தை நாள் ஒன்று போதும்.

இந்தியாவிலும் இந்த வேலை நடக்காமல் இல்லை. காவல்துறை ஆராய்ச்சி, மேம்பாட்டுப் பணியகம் 1970 முதல் டெல்லியில் இருக்கிறது. காந்திநகரில் தடய அறிவியலுக்கு ஒன்றும் பாதுகாப்புப் படிப்புக்கு ஒன்றுமாக இரண்டு தேசியப் பல்கலைக்கழகங்கள் 2020-இல் வந்தன. மும்பை ஐஐடியில் உள்நாட்டுப் பாதுகாப்புத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு தேசிய மையம் உண்டு. கேரளக் காவல்துறை 2016-இல் திருவனந்தபுரத்தில் சைபர்டோம் தொடங்கி, தனியார் கணினி வல்லுநர்களையும் சேர்த்துக்கொண்டு இணையக் குற்றங்களை ஆராய்கிறது. நம் மாநிலத்தில் கிண்டி ஐஐடி இருக்கிறது, அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் ட்ரோன் ஆராய்ச்சி இருக்கிறது, தகவல் பாதுகாப்புக்காக 2002-இல் தொடங்கிய செட்ஸ் நிறுவனம் சென்னையில் இருக்கிறது, தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-ஆவது பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகளில் எங்கள் ஓசூரும் ஒன்று. அறிவுக்கு இங்கே பஞ்சம் இல்லை. ஆனால் ஒரு தீயணைப்பு நிலையத்தில் எழுகிற கேள்வி இவர்களில் ஒருவரிடம் போய்ச் சேரவும், பதில் திரும்பி அந்த நிலையத்துக்கே வரவும் ஒரு வழி இருந்து நான் பார்த்ததில்லை. பொது ஒழுங்கும் காவலும் அரசியல் சட்டப்படி மாநிலப் பட்டியலில் இருக்கிற விஷயங்கள். எனவே இதற்காக டெல்லியை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

2023-ஆம் ஆண்டை இங்குள்ளவர்கள் மறக்க மாட்டோம். மார்ச் மாதம் தருமபுரி மாவட்டம் நாகதாசம்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்துப் பெண்கள் இறந்தார்கள். ஜூலை 29-ஆம் தேதி காலை கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசு குடோன் இருந்த கட்டடம் வெடித்து 9 உயிர்கள் போயின. அக்டோபர் 7-ஆம் தேதி, ஓசூரைத் தாண்டியதும் வருகிற அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை தீப்பிடித்தது. தீபாவளிக்கு முன் நாலு காசு பார்க்கலாம் என்று அங்கே வேலைக்குப் போன அரூர் அருகே உள்ள அம்மாபேட்டைப் பிள்ளைகள் அதில் கருகினார்கள். கடை கர்நாடகத்தில், இறந்தவர்களில் பலரும் தமிழ்நாட்டுக்காரர்கள். அங்கே யார் அனுமதி கொடுத்தார்கள், எவ்வளவு சரக்குக்குக் கொடுத்தார்கள் என்பது இந்தப் பக்கத்து அதிகாரிகளின் கையில் இல்லை.

பழையபேட்டை விஷயத்தில் என்னை உறுத்துவது இன்னொன்று. வெடித்தது பட்டாசா, பக்கத்து உணவகத்தின் கேஸ் சிலிண்டரா என்று அப்போதே பேச்சு இரண்டாகப் பிரிந்தது. கேஸ் கசிந்து வெடித்தால் சுவர்கள் ஒட்டுமொத்தமாக வெளிப்பக்கம் தள்ளப்படும், தரையில் பெரும்பாலும் குழி விழாது. பட்டாசு மருந்து ஒரே இடத்தில் குவிந்து வெடித்தால் அந்த இடம் நொறுங்கிக் குழி விழும், அலுமினியம், கந்தகம், நைட்ரேட் உப்புகள் இடிபாட்டில் ஒட்டியிருக்கும். ஆய்வகத்துக்கு நல்ல மாதிரிகள் போனால் பதில் கிடைக்கும். ஆனால் களத்தில் நடப்பது என்ன? நாங்கள் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறோம். உப்பெல்லாம் கரைந்து சாக்கடைக்குப் போகிறது. உள்ளே யாராவது உயிரோடு இருப்பார்கள் என்று ஜேசிபி வைத்து இடிபாட்டைப் புரட்டுகிறோம். அதில் குழியும் போய்விடுகிறது. மீட்புதான் முதலில், அதில் மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் உயிரையும் காப்பாற்றி, தடயத்தையும் கொஞ்சம் மிச்சம் வைக்க என்ன முறை? தண்ணீர் அடிப்பதற்கு முன் அரை நிமிடத்தில் எந்த மூலையில் என்ன எடுக்க வேண்டும்? தலைக்கவசத்தில் ஒரு கேமரா இருந்தால் போதுமா? இதைத் தீயணைப்பு வீரரும் தடய அறிவியல் நிபுணரும் சேர்ந்து, ஒரு மைதானத்தில் செங்கல் அறை கட்டி வெடிக்க வைத்துப் பார்த்துத்தான் எழுத முடியும். ஒரு துறை தனியாகச் செய்கிற வேலை இல்லை. கூட்டமைப்பு வேண்டும் என்று நான் கேட்பதற்கு முதல் காரணம் இதுதான்.

கிரானைட் குவாரிகளில் மிச்சமாகிற பாறை வெடித் தோட்டாவும் டெட்டனேட்டரும் எங்கே போகின்றன என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. காட்டோரம் பன்றிக்கு வைக்கிற வெடியைக் கடித்து வாய் சிதைந்த மாடுகளைப் பார்த்த விவசாயிகள் இங்கே நிறையப் பேர்.

நான் குடியிருப்பது காவேரிப்பட்டணம். தென்பெண்ணை எங்கள் ஊரை ஒட்டி ஓடுகிறது, கிருஷ்ணகிரி அணை எங்களுக்கு மேலே இருக்கிறது. 2017 நவம்பர் 29-ஆம் தேதி அந்த அணையின் முதல் மதகின் ஷட்டர் உடைந்தது. 1950-களில் கட்டிய அணை அது. தண்ணீர் பாய்ந்து வருகிறது என்ற செய்தி வந்தது, ஆற்றுப் பக்கம் போகாதீர்கள் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கரையோரத்தில் இருந்தவர்கள் என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: எத்தனை மணிக்கு வரும், எந்தத் தெரு வரைக்கும் வரும்? ஒரு ஷட்டர் உடைந்தால் இங்கே வரை, மூன்று உடைந்தால் அங்கே வரை என்று தெருப் பெயரோடு ஒரு வரைபடம் ஊராட்சி அலுவலகச் சுவரில் தொங்கினால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்திருக்கும். 2021-இல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் ஒவ்வொரு அணைக்கும் அவசர காலச் செயல்திட்டம் வேண்டும் என்கிறது. திட்டம் கோப்பில் இருந்தால் போதாது, கரையில் இருக்கிறவனுக்குப் புரிய வேண்டும்.

2024 டிசம்பர் 2-ஆம் தேதி காலை வரையிலான ஒரு நாளில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை பெய்ததையும் எல்லோரும் பார்த்தோம். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது கடலோரத்தில், கொட்டித் தீர்த்தது இங்கே. ஏரி நிரம்பி வழிந்து, சாலையோரம் நின்றிருந்த வேன்களும் கார்களும் மிதந்து போனதைக் கைபேசியில் உலகமே பார்த்தது. புயல் என்றால் கடலோர மாவட்டங்களுக்குத்தான் படையும் படகும் போகும். கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில் இருக்கிற ஊருக்கு எத்தனை ரப்பர் படகு வேண்டும் என்று யாரும் கணக்குப் போட்டு வைத்திருக்கவில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். ஃப்ளோரைடு கலந்த நிலத்தடி நீரிலிருந்து மக்களைக் காக்க 2013-இல் தொடங்கிய திட்டம் அது. இரண்டு மாவட்டங்களின் தாகமும் ஓர் ஏற்பாட்டை நம்பி இருக்கிறது என்றால், அது ஒரு வாரம் நின்றால் என்ன செய்வோம் என்பதும் பாதுகாப்புக் கேள்விதான்.

இனி, நான் பயப்படுகிற விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். பாதுகாப்பு என்ற பெயரில் மக்களுக்கு என்னவெல்லாம் நேரலாம் என்று தருமபுரி மாவட்டத்துக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். அரூர் வட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20-ஆம் தேதி, சந்தனக் கட்டையைத் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்து ஊரையே சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு முடிவதற்குள் இறந்துவிட, மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011 செப்டம்பர் 29 அன்று. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023-இல். வீரப்பன் தேடுதலும் இந்த மலைக் கிராமங்களில்தான் நடந்தது. 2004 அக்டோபரில் பாப்பாரப்பட்டி அருகே அவன் சுடப்பட்டு அது முடிவதற்குள் இரு தரப்புக்கும் நடுவில் சிக்கிச் சிதைந்த குடும்பங்கள் எத்தனையோ.

ஆகையால் இந்தக் கூட்டமைப்பின் நிர்வாகக் குழுவில் சீருடைக்காரர்களும் பேராசிரியர்களும் மட்டும் உட்காரக் கூடாது. மலைக் கிராமத்திலிருந்து ஒருவர், தொழிலாளர் தரப்பில் ஒருவர், மனித உரிமை வழக்குகளை நடத்திய வழக்கறிஞர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். அவர்களுக்கு ஓட்டுரிமை இருக்க வேண்டும். ஆட்களின் முகத்தையும் கைபேசியையும் கண்காணிக்கிற கருவி எதையும் அந்தக் குழுவின் முன் வைக்காமல் யாரும் சோதித்துப் பார்க்கக் கூடாது. இதை முதல் நாளே விதியாக எழுதிவிட வேண்டும். பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்றால் அது நடக்காது.

பணம் எவ்வளவு என்று கேட்பார்கள். கண்ணாடிக் கட்டடம் வேண்டாம். பர்கூரில் 1994 முதல் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. தருமபுரியை அடுத்த செட்டிக்கரையில் இன்னொன்று இருக்கிறது. இரண்டும் நெடுஞ்சாலையை விட்டு அதிக தூரம் இல்லை. ஆளுக்கு ஓர் ஆய்வகமும் சில ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித்தொகையும் கொடுத்தால் தொடங்கிவிடலாம். ஒவ்வோர் ஆண்டும் தீயணைப்பு, காவல், நீர்வளத் துறைகளிலிருந்து களத்தில் வேலை பார்க்கிற சிலரை ஆறு மாதம் அயற்பணியில் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும். இன்ஸ்பெக்டர், நிலைய அலுவலர், அணை உதவிப் பொறியாளர் மட்டத்தில் இருக்கிறவர்களைச் சொல்கிறேன், உயர் அதிகாரிகளை அல்ல. இறுதியாண்டு மாணவர்கள் செய்முறைத் திட்டத்துக்கு இணையத்தில் தேடிப் பிடிக்கிற தலைப்புக்குப் பதில் இந்த ஆட்கள் கொண்டு வருகிற கேள்வியை எடுத்துச் செய்யட்டும். ஓசூர்த் தொழிற்சாலைகளும் கிரானைட் நிறுவனங்களும் பணம் தரலாம், ஆனால் முடிவை வெளியிடாதே என்று சொல்கிற உரிமை அவர்களுக்கு இருக்கக் கூடாது. பெரிய விபத்து ஒவ்வொன்றுக்கும், வழக்குக்குப் பாதகம் இல்லாத அளவில், காரணத்தை விளக்கும் அறிக்கை தமிழில் வெளிவர வேண்டும். அம்மாபேட்டைக்காரர்கள் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

எங்கள் இரு மாவட்டச் சட்டமன்ற உறுப்பினர்கள், எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, காவல் மற்றும் தீயணைப்பு மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வரும்போது இதைப் பேச வேண்டும் என்று தங்கள் நாளிதழ் மூலம் கேட்டுக்கொள்கிறேன். கூட்டமைப்பு உருவாகும் வரை காத்திருக்காமல் ஒரு வேலையை இப்போதே தொடங்கலாம். தொப்பூர் பக்கம் பாளையம் சுங்கச்சாவடியிலும் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியிலும் மாணவர்கள் இரவு பகலாக ஒரு வாரம் நின்று, ஒவ்வொரு டேங்கரின் பலகை எண்ணையும் எழுதட்டும். பலகை இல்லாதது எத்தனை, அழிந்தது எத்தனை என்றும் எழுதட்டும். மாவட்ட நிர்வாகம் அனுமதி கொடுத்தால் போதும். மாணவர்களுக்கு அந்தப் பலகையை எப்படிப் படிப்பது என்று சொல்லிக் கொடுக்க என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள் சிலர் சம்பளம் எதிர்பார்க்காமல் வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தீயணைப்பு நிலைய அலுவலர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.